அந்தமான் செல்லுலார் சிறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் போய்வந்தேன் என்று சொன்னால் முதலில் கடற்கரை, பவளப்பாறை, படகு என்றுதான் கேட்பார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அந்த ஜெயிலைப் பார்த்தீங்களா?" என்பார்கள். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு, வாசலில் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஊருக்கு வந்து உட்கார்ந்து படித்தபோதுதான் அங்கே எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது. இரண்டாவது முறை ஒரு பகல் முழுக்க இருந்தேன். போகப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இது இன்னும் சிறையாக இருக்கிறதா?

இல்லை. 1979 பிப்ரவரி 11 அன்று அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அர்ப்பணித்தார். அன்றிலிருந்து அருங்காட்சியகம்தான். போர்ட் பிளேர் நகரத்துக்குள்ளேயே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஆட்டோக்காரரிடம் போர்ட் பிளேர் என்று சொன்னால் புரியும். சிறைக்கு வழி கேட்கவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

'செல்லுலார்' என்றால் என்ன?

செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'செல்' என்றால் தனி அறை. பத்துப் பேரை ஒன்றாக அடைக்கும் கொட்டடி இந்தச் சிறையில் கிடையாது. ஒருவருக்கு ஒரு அறை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட 700 அறைகள். நாடு கடத்தப்பட்டு வருகிறவனை முதலில் தனிமையில் போட்டு மனதை உடைக்க வேண்டும் என்று 1890-இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் பரிந்துரை செய்தார்கள். அதன்படி 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. சுமந்ததும் கட்டியதும் கைதிகள்.

1857 கிளர்ச்சிக்காரர்கள் இங்கேதான் இருந்தார்களா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். அவர்கள் வந்தது அந்தமானுக்கு, இந்தக் கட்டடத்துக்கு அல்ல. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு முதல் கப்பல் வந்தபோது இங்கே சிறை என்று எதுவும் இல்லை. கடலும் காடுமே சிறை. காட்டை வெட்டச் சொன்னார்கள். காய்ச்சலிலும், தப்பியோடிப் பிடிபட்டுத் தூக்கிலும் செத்தவர்கள் ஏராளம். பிறகு வைப்பர் தீவில் ஒரு சிறையும் தூக்குமேடையும் கட்டினார்கள். 1872-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற ஷேர் அலி அஃப்ரிதியை அந்தத் தீவில்தான் தூக்கிலிட்டார்கள். அதெல்லாம் நடந்து முப்பது வருஷம் கழித்துத்தான் செல்லுலார் சிறையே எழும்பியது.

ஆகவே 'காலாபானி' என்ற சொல் இந்தச் சிறையைவிட மூத்தது. கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தம். கடல் கடந்தால் சாதி போகும், குடும்பம் போகும் என்று நம்பிய காலத்தில், அந்தக் கப்பலில் ஏறுவதே பாதி மரணம். நம் ஊரில் இதைத் 'தீவாந்தர சிட்சை' என்றார்கள்.

கட்டடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்களைச் சொல்வேன்.

முதலாவது, நடுவில் நிற்கும் கோபுரம். அதிலிருந்து ஏழு கிளைகள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, ஏழு திசையில் போயின. ஒவ்வொன்றும் மூன்று மாடி. கோபுரத்தில் நிற்கும் ஒரு காவலாளி எல்லாக் கிளைகளின் தாழ்வாரத்தையும் பார்க்கலாம். ஆனால் ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். கம்பிக்குப் பின்னால் நிற்கும் கைதிக்கு எதிரே தெரிவது செங்கல் சுவர் மட்டுமே. இன்னொரு மனித முகம் கண்ணில் படாது.

இரண்டாவது, அறையின் பின்சுவரில் பத்தடி உயரத்தில் இருக்கும் சின்னச் சாளரம். வெளிச்சம் வரும், காற்றும் கொஞ்சம் வரும். எட்டிப் பார்க்க முடியாது. மூன்று பக்கமும் கடல் இருக்கிறது, அலைச்சத்தம் கேட்கிறது, கடலைப் பார்க்க வழியில்லை.

மூன்றாவது, தாழ்ப்பாள். இதை அவசரமாக நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். இரும்புக் கதவின் தாழ் கதவிலேயே முடிவதில்லை. நீளமான கம்பியாகப் பக்கத்துச் சுவருக்குள் போய், அங்கே குடைந்த ஒரு மாடக்குழியில் முடிகிறது. பூட்டு அங்கேதான் தொங்கும். நான் ஒரு அறைக்குள் நின்று கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பார்த்தேன். தோள்பட்டை கம்பியில் அழுந்தும்வரை நீட்டினேன். விரல் நுனி சுவரின் விளிம்பைத் தொட்டது, குழியைத் தொடவில்லை. சரி, என் கை நீளம் போதாது என்று என்னைவிட உயரமான நண்பரை நீட்டச் சொன்னேன். அவருக்கும் எட்டவில்லை. யாரோ ஒரு பொறியாளர் ஒரு மனிதனின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அளந்து, அதற்குச் சற்றே அப்பால் அந்தக் குழியைக் குடையச் சொல்லியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு தப்பவில்லை.

செக்கு இழுக்கவைத்தது இங்கேதானே? வ.உ.சி. இங்கே இருந்தாரா?

என்னிடம் தமிழர்கள் அதிகம் கேட்ட கேள்வி இது. வ.உ.சிதம்பரனார் அந்தமானுக்கு வரவில்லை. 1908-இல் திருநெல்வேலியில் அவருக்கு விதித்தது 40 ஆண்டு தீவாந்தரத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் இருந்தது கோயம்புத்தூர் சிறையிலும் கண்ணூர் சிறையிலும். செக்கு இழுத்தது கோவையில். 1912 டிசம்பரில் விடுதலையானார். 'செக்கிழுத்த செம்மல்' என்ற பெயரும், அந்தமான் செக்கு பற்றிக் கேள்விப்பட்டதும் நம் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

கலந்ததில் தப்பும் இல்லை. ஏறக்குறைய அதே வருஷங்களில், அதே அரசாங்கம், அதே வேலையை இரண்டு இடத்திலும் கொடுத்தது. மாடு செய்யும் வேலையைப் படித்த மனிதனைச் செய்யவைத்தால் அவன் அடங்கிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு. அந்தமானில் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், அதாவது சுமார் பதினாலு கிலோ. நல்ல மாடு பூட்டினாலே சிரமப்படும் அளவு. அளவு குறைந்தால் கைவிலங்கு மாட்டி நாள் முழுக்க நிற்க வைப்பார்கள், அதற்கும் மேலே போனால் கசையடி. செக்கு இல்லாத நாளில் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்க வேண்டும், கயிறு திரிக்க வேண்டும்.

நந்த கோபால் என்று ஒரு பத்திரிகைக்காரர். அலகாபாத்தில் வந்த 'ஸ்வராஜ்' பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவர். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களை ஒருவர் பின் ஒருவராகச் சிறைக்கு அனுப்பினார்கள். இவரைச் செக்கில் பூட்டினால், மெதுவாக நடப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் உட்கார்ந்து நிதானமாக மென்று சாப்பிடுவார். ஜெயிலர் டேவிட் பாரி கத்துவார். இவர் அசர மாட்டார். எத்தனை தண்டனை கொடுத்தும் அவரை மாடாக்க முடியவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் செக்கின் முன் நின்றபோது எனக்கு அவர் மென்று சாப்பிட்ட அந்தச் சோறுதான் நினைவுக்கு வந்தது.

யார் யார் இருந்தார்கள்?

ஒரே கூட்டம் என்று நினைக்க வேண்டாம். மூன்று அலைகளாக வந்தார்கள். 1909-ஐ ஒட்டி வந்தவர்கள் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற வங்காளிகள்: பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத்தா, ஹேம்சந்திர தாஸ் போன்றவர்கள். மகாராஷ்டிரத்திலிருந்து சாவர்க்கர் சகோதரர்கள். 1915-க்குப் பிறகு கதர் கட்சியைச் (கதர்த் துணி அல்ல, 'கிளர்ச்சி' என்று பொருள்படும் சொல்) சேர்ந்த பஞ்சாபிகள்: சோகன் சிங் பக்னா, பாய் பரமானந்த் முதலானோர். அமெரிக்காவிலும் கனடாவிலும் கூலி வேலை பார்த்துவிட்டு, நாட்டுக்காகக் கப்பலேறி வந்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். 1921-இல் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றினார்கள். 1932-இல் மறுபடியும் கப்பல் வந்தது. அதில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய இளைஞர்கள் இருந்தார்கள். சட்டசபையில் பகத் சிங்கோடு சேர்ந்து குண்டு வீசிய படுகேஷ்வர் தத்தும் இங்கே இருந்தார்.

இந்துபூஷண் ராய் என்ற வங்காள இளைஞரின் பெயரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1912-இல், வேலையின் கொடுமை தாங்காமல், இரவில் தன் அறையிலேயே சட்டைத் துணியைக் கிழித்துத் தூக்குப் போட்டுக்கொண்டார். அதே வருஷம் ஹோதிலால் வர்மா எழுதிய கடிதம் ஒன்று ரகசியமாக வெளியே போய், கல்கத்தாவின் 'பெங்காலி' பத்திரிகையில் அச்சானது. உள்ளே நடப்பது வெளியுலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது.

சாவர்க்கர் இங்கே கொடுமை அனுபவித்தாரா, விடுதலை கேட்டு மனு எழுதினாரா, எது உண்மை?

இரண்டுமே உண்மை. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 50 ஆண்டு என்று தீர்ப்பாகி 1911-இல் வந்தார். பத்து வருஷம் இருந்தார், செக்கு இழுத்தார். அவர் அறை மேல் மாடியில் கோடியில் இருக்கிறது. கூட்டம் அங்கேதான் அதிகம். வந்த வருஷம் தொடங்கி விடுதலை கேட்டுப் பலமுறை மனு எழுதியதும் ஆவணங்களில் இருக்கிறது. 1921-இல் இங்கிருந்து கொண்டுபோனார்கள், 1924-இல் நிபந்தனைகளோடு விட்டார்கள். இதை வைத்து நாட்டில் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தாழ்வாரத்தில் அதைப் போலவே நூறு அறைகள் இருக்கின்றன. இந்த ஊர் விமான நிலையத்துக்கு சாவர்க்கர் பெயர் இருக்கிறது, அந்த அறைகளில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

உண்ணாவிரதம் நடந்ததா?

நடந்தது, அதுதான் இந்தச் சிறையை மாற்றியது. 1933 மே மாதம் கைதிகள் சாப்பிட மறுத்தார்கள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. மனிதன் சாப்பிடும்படியான சாப்பாடு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாலை ஊற்றினார்கள். பகத் சிங்கின் தோழரான மகாவீர் சிங் திமிறினார், பால் நுரையீரலுக்குள் போனது, இறந்துபோனார். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் இறந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து அரசு இறங்கிவந்தது. புத்தகம் வந்தது, விளக்கு வந்தது. அதற்குப் பிறகு உள்ளே வகுப்புகளே நடந்தன. பொருளாதாரம், தத்துவம், உலக வரலாறு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பலர் பொதுவுடைமைக்காரர்களாக வெளியே வந்தார்கள்.

1937 ஜூலையில் இன்னொரு உண்ணாவிரதம். இந்த முறை நாடே கூடச் சேர்ந்தது. காந்தியும் தாகூரும் தலையிட்டார்கள். 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் எல்லோரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் யாருமே இல்லையா?

பெயர்ப் பலகைகளில் வங்காளமும் பஞ்சாபும்தான் நிறைந்திருக்கும். சென்னை மாகாணத்திலிருந்து அந்தமானுக்கு வந்த பெரிய கூட்டம் 1921 மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட மாப்பிளாக் கைதிகள், அதாவது மலபார் முஸ்லிம்கள். தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, வண்டூர், திரூர் என்று ஊர்ப்பெயர்கள் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். அல்லூரி சீதாராம ராஜுவோடு ரம்பா காட்டில் போராடியவர்களிலும் சிலர் வந்தார்கள்.

நம் பாளையக்காரர்களுக்கு நடந்தது வேறு. 1802-இல் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரையும் இன்னும் சுமார் எழுபது பேரையும் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அந்தமான் அப்போது பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு கயிறு நம்மை இந்தச் சிறையோடு கட்டியிருக்கிறது. சித்திரவதையில் மனம் கலங்கிப்போன உல்லாஸ்கர் தத்தாவைக் கடைசியில் அனுப்பியது சென்னையில் இருந்த மனநோய் மருத்துவமனைக்கு. பல வருஷம் அங்கே இருந்தார். சொல்லில்கூட ஒரு ஒட்டு உண்டு: கைதிகளை மேய்க்கும் கைதிக் கங்காணிகளில் ஒரு பதவிக்கு 'டிண்டல்' என்று பெயர். கப்பல் வேலையில் இருந்து வந்த சொல் அது, நம் 'தண்டல்'தான்.

பெண்களை அடைத்தார்களா?

இந்தக் கட்டடத்தில் இல்லை. பெண் கைதிகளுக்கு சவுத் பாயிண்ட் என்ற இடத்தில் தனிச் சிறை இருந்தது.

ஜப்பான்காரர்கள் வந்தபோது என்ன ஆனது?

1942 மார்ச்சில் தீவுகள் ஜப்பான் கைக்குப் போயின. முதலில் ஆங்கிலேயர்களை இதே அறைகளில் அடைத்தார்கள். பிறகு உளவாளி என்று சந்தேகப்பட்டு உள்ளூர் மக்களை அடைக்க ஆரம்பித்தார்கள். பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் 'காலேபானி' 1944 ஜனவரியில் இங்கே சித்திரவதையில் இறந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு ஒரே மாதம் முன்னால்தான், 1943 டிசம்பர் கடைசியில், நேதாஜி இந்தத் தீவுக்கு வந்து கொடியேற்றியிருந்தார். இந்தப் பகுதியைச் சுற்றுலா வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தீவில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு ஆறாத புண் இது. நீங்களாகவே கேளுங்கள், சொல்வார்கள்.

ஏழு கிளை என்றீர்கள், மூன்றுதானே நிற்கிறது?

1941 ஜூனில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. அதில் கட்டடம் சேதமடைந்தது. போர்க்காலத்தில் இடிந்ததும் இடித்ததும் உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் அங்கே போட முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு நாமே இரண்டு கிளைகளை இடித்தோம். அந்த இடத்தில் 1963-இல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை வந்தது. தீவு மக்களுக்கு மருத்துவமனை தேவைதான், அதை மறுக்கவில்லை. மிச்சமும் போயிருக்கும். தடுத்தவர்கள் அந்த அறைகளிலேயே அடைபட்டிருந்த பழைய கைதிகள். வயதாகி, வங்காளத்திலும் பஞ்சாபிலும் சிதறிக்கிடந்தவர்கள் ஒன்றுசேர்ந்து, எங்களை அடைத்த சிறையை இடிக்காதீர்கள் என்று டில்லிக்கு மன்றாடினார்கள். எனக்கு இந்தச் சிறையின் கதையிலேயே மிகப் பெரிய விஷயம் இதுதான். தாங்கள் அடிபட்ட சுவரைக் காப்பாற்ற வந்தவர்கள் அவர்கள்.

சென்னைக்காரனாக இதை எழுதும்போது மனசு வலிக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1837-இல் கட்டிய மத்திய சிறை நம்மிடமும் இருந்தது. கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் இடிக்கும் முன் சில நாள் மக்களைப் பார்க்க விட்டார்கள், கூட்டம் அலைமோதியது. அப்புறம் இடித்துவிட்டார்கள். அங்கேயும் வந்தது மருத்துவக் கல்லூரிக் கட்டடம்தான். ஒரு கிளையையாவது விட்டுவைத்திருக்கலாம்.

உள்ளே என்னென்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் வேண்டும்?

நுழைந்ததும் இரண்டு பக்கமும் காட்சிக்கூடம்: கைதிகளின் படங்கள், விலங்குகள், சாக்குத்துணி உடை, ஏழு கிளையும் இருந்த காலத்து மாதிரி வடிவம். முற்றத்தில் கசையடிச் சட்டம், செக்கு, ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடும் கூடம். அணையா ஜோதி ஒன்று எரிகிறது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. முற்றத்து அரசமரம் தான் பார்த்ததைச் சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். இந்தி தெரியாதவர்கள் எந்த நேரத்துக் காட்சி எந்த மொழி என்று பார்த்துச் சீட்டு வாங்குங்கள். நெரிசல் நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அரை நாளாவது ஒதுக்குங்கள். காலையில் திறந்ததும் போனால் கூட்டம் குறைவு. மேல் மாடித் தாழ்வாரத்தில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. தூக்குக்கூடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். ஒரு அறைக்குள் விட்டு, தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கப்பலும் இருக்கிறது, மூன்று நாள் ஆகும். நேரம் இருந்தால் ஒரு வழியாவது கப்பலில் போங்கள். இரண்டாவது நாள் நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாதபோது காலாபானி என்ற சொல் வயிற்றில் இறங்கும். இந்தியர்களுக்கு இந்த ஊருக்கு வரத் தனி அனுமதி வேண்டாம். மொழிப் பிரச்சினையும் இல்லை, கடைவீதியில் தமிழ் சகஜமாகக் காதில் விழும்.

மொட்டைமாடிக்கு ஏற விடுவார்களா?

விடுவார்கள், கட்டாயம் ஏறுங்கள். அங்கிருந்து ராஸ் தீவு தெரியும், இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்தது அங்கே. தேவாலயம், நடன அரங்கு, ரொட்டி சுடும் பேக்கரி எல்லாம் இருந்தன. இன்று அந்தச் சுவர்களை மரவேர்கள் பிடித்திருக்கின்றன. படகில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

இறங்கும்போது கோபுரத்துக்குள் நில்லுங்கள். பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்களை மாகாண வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். நான் போன அன்று ஒரு பெரியவர், பேச்சை வைத்துப் பார்த்தால் வங்காளி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தார். தேடுகிறாரா, வெறுமனே படிக்கிறாரா என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் விரல் நின்றது. பேத்தியைக் கூப்பிட்டு அந்த எழுத்தின் மேல் அவள் விரலை எடுத்து வைத்தார்.